பிணத்துக்கு வசனமில்லை

எண்பது நிமிடம் அசையாமல் கிடக்க
நாளுக்கு முந்நூறு ரூபாய்.
விளாங்குடியில் மூடிப்போன நூற்பாலைக் கிடங்கு.
உத்தரத்தில் இன்னும் பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கிறது,
மூக்கில் இறங்கினாலும் தும்மக் கூடாது.
செத்தவன் தும்மினால்
இரண்டாயிரத்து நானூறு வருஷம் வீண் என்றார்
இயக்குநர் தவமணி.

கிரேக்கக் கதை.
ஊரை எதிர்த்து வந்து செத்தவனை
யாரும் புதைக்கக் கூடாதென்று அரசாணை.
புதைப்பேன் என்கிறாள் தங்கை.
கண்ணை மூடிக் கிடப்பவனுக்கு
நாடகம் தெரியாது,
பார்க்க வந்தவர்களைத்தான் கேட்க முடியும்.

முதல் நாள்
காவல்காரன் பயந்து உளறும் இடத்தில்
கிடங்கே சிரித்தது.
'செல்லூர் ஏட்டு மாதிரியே இருக்கான்டா.'
அரசன் பேசப் பேச
முன்வரிசையில் ஒருவர் 'அதானே, அதானே' போட்டார்.
ஓய்வுபெற்ற தாசில்தாராம்.
இவள் ஒருத்திக்கு விட்டால் நாளைக்கு
ஆளுக்கொரு கூடை மண்ணோடு வருவார்கள் என்று
பக்கத்து நாற்காலிக்கு விளக்கினார்.
யாருடைய போனோ கெட்டிமேளம் கொட்டியது.
நான் செத்துத்தான் கிடந்தேன்.

இரண்டாம் நாள் சட்டக் கல்லூரிப் பிள்ளைகள்.
தங்கை வாயைத் திறந்தாலே விசில்.
'அண்ணனுக்கு அழுதுக்கிட்டிருக்கேன்,
வாடிவாசல்லயா நிக்கிறேன்?' என்று
ஒப்பனை அறையில் கத்தினாள் ஜெபராணி.
அன்று வசூல் நன்றாக இருந்தது.

மூன்றாம் நாள் மழை.
தகரக் கூரை பாதி வசனத்தைத் தின்றது.
'இவனுக்கு என் மண்ணில் ஒரு பிடி இடமில்லை'
என்று அரசன் முடித்ததும் மழையும் கொஞ்சம் விட்டது.
கடைசி வரிசையில் ஒரு ஆண்குரல்,
யாரிடமும் சொல்லாதது போல:

'எங்க ஊர்ல பாதையே விடமாட்டாங்க.
வயல்ல எறங்கித்தான் தூக்கிட்டுப் போனோம்.
நாத்து நட்டிருந்துச்சு.'

அதானே வரவில்லை.
நெடுநேரம் எதுவும் வரவில்லை.

ஜெபராணி மண் போட்டாள்.
சலித்த மண்தான், ஆனாலும் ஒரு எறும்பு இருக்கும்.
அப்போதுதான் ஒத்திகையில் இல்லாத காலடி.
ரப்பர் செருப்பைப் படியில் கழற்றிவிடும் சத்தம்.
என் கால்மாட்டில் யாரோ உட்கார்ந்தார்கள்.

'கட்டவெரலக் கட்டாமலா போட்டு வச்சிருக்கீக?'

சிரிப்பு எழும்பி
சேலைத் தலைப்பு கிழியும் சத்தத்தில் அடங்கியது.
பினாயில் மணக்கும் கை.
பெரியாஸ்பத்திரி பிணவறையில் கூட்டித் துடைப்பவள்,
பேர் ராக்கு என்று பிறகு சொன்னார்கள்.
இரண்டு விரலையும் சேர்த்து
இரண்டு சுற்று, ஒரு முடிச்சு.
குனிந்து எனக்கு மட்டும் கேட்கச் சொன்னாள்:
'தாடைக்கும் ஒரு கட்டு உண்டு.
நீ மூச்சு விடுற, வேணாம்.'

அரசனுக்கு வசனம் மறந்தது.
தவமணி ஓரத்திலிருந்து கிசுகிசுத்தும் வரவில்லை.
ஜெபராணி மறுபடி மண்ணை அள்ளி
பாதியை ராக்கு கையில் கொடுத்தாள்.
ஒரு கைமண் மெல்ல விழுந்தது, நடிக்கத் தெரிந்த மண்.
இன்னொன்று பொத்தென்று,
வேலை முடிந்தது போல.

கடைசியில் எல்லோரும் வரிசையாக நின்று கும்பிட்டார்கள்.
முடிச்சு அவிழவில்லை.
கைதட்டலை நான் படுத்தபடியே வாங்கிக்கொண்டேன்.
'செத்தவரு எந்திரிக்கலையாப்பா?' என்று
ஒரு குழந்தை கேட்டுக்கொண்டே போனது.

நான்காம் நாள் சேதி பரவி அரங்கு நிறைந்தது.
மண் போடும் இடம் வந்ததும்
நாற்காலிகள் கிறீச்சிட்டன;
எல்லோரும் பின்னால் திரும்பிப் பார்க்கிறார்கள்.
ராக்குவுக்கு ராத்திரி டூட்டி.
வேறு யாரும் எழுந்து வரவில்லை.
விரலைக் கட்டலாமா என்று நான் கேட்டதற்கு
பிரதியில் இல்லை என்றிருந்தார் தவமணி.

ஒரு கைமண் மட்டும் விழுந்தது.
என் இரண்டு கட்டைவிரல்களும்
ஒன்றையொன்று தேடிப் போய்த் தொட்டுக்கொண்டன.

பிணம் அசைந்தது என்று
யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
அன்றைய சம்பளத்தில்
ஐம்பது ரூபாய் பிடித்தம்.