நூற்றைம்பதுக்கு நாற்பத்தேழு

செப்டம்பர்க் காற்று சாட்ஸ்வொர்த் மேட்டில்
கொடித்துணிகளை எல்லாம் ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்த நாளில்
டிரையல் பரீட்சைத் தாளைத் திருப்பித் தந்தார் மூட்லி சார்.
பௌதிகம், முதல் தாள்.
நூற்றைம்பதுக்கு நாற்பத்தேழு.
எண்ணைப் பெரிதாக எழுதும் பழக்கம் அவருக்கு.

நொகுதுலா தன் தாளை மடித்து மடித்து
சுவிங்கம் அளவுக்குச் சுருக்கினாள்.
என்னுடையதை பஸ்ஸில் மடிமேல் விரித்தே வைத்திருந்தேன்,
யாரோ பெற்ற பிள்ளையை
கொஞ்சம் பிடி என்று தந்துவிட்டுப் போனதுபோல.

அம்மா இரவு ஷிஃப்டுக்கு ஆஸ்பத்திரி போய்விட்டாள்.
அப்பாவிடம், "இன்னும் தரவில்லை" என்றேன்.
நம்பினார்.
அதனால்தான் சோறு இறங்கவில்லை.

மூன்று நாள் பையைத் திறக்கவில்லை.
விடியலில் ஹடீடாப் பறவைகள்
கூரைமேல் கத்திக்கொண்டு போகும்போதெல்லாம்
வகுப்பே சிரிக்கிற மாதிரி இருந்தது.
பொறியியல் படிக்கப்போகிறேன் என்று
மாமா வீட்டுக் கல்யாணத்தில் யார் யாரிடம் சொன்னேன்,
ஒருத்தர் விடாமல் எண்ணிப் பார்த்தேன்.
பத்தொன்பது பேர். வீடியோக்காரரையும் சேர்த்து.

நான்காம் நாள் தம்பி தேஷ்லின்
கால்குலேட்டரை எடுத்துவிட்டுக் கத்தினான்:
"அக்கா, இதுக்குப் பைத்தியமா?
சைன் முப்பதுக்கு மைனஸ்ல விடை வருது!"
பிடுங்கிப் பார்த்தேன்.
திரையின் ஓரத்தில் கடுகளவு ஓர் எழுத்து.
பாகை இருக்க வேண்டிய இடத்தில் ரேடியன்.

துள்ளி உட்கார்ந்து
சாய்தளக் கணக்குகளைத் திரும்பப் போட்டேன்.
பதினான்கு மார்க்கு, பொத்தான் செய்த குற்றம்.
நாற்பத்தேழும் பதினான்கும் அறுபத்தொன்று.
போக மிச்சம் எண்பத்தொன்பது.
எண்பத்தொன்பதும் என் கைக்குற்றம்.
இயந்திரத்தைத் திட்டிவிட்டுத் தூங்கலாம் என்றால்
அதற்கும் வழியில்லை.

எட்டு மணிக்குக் கரண்ட் போனது,
அட்டவணைப்படி, ஒரு நிமிஷம் பிசகாமல்.
ஒன்பது சதம் சார்ஜ் மிஞ்சிய செல்போன் வெளிச்சத்தில்
வாசல் படியில் தாளை விரித்தேன்.
ஆறாம் கேள்வி.
ஊதிக்கொண்டே வருகிறது ஓர் ஆம்புலன்ஸ்.
ஓரமாக நிற்கிறவர் காதில் விழும் அதிர்வெண் என்ன?
என் விடை: குறையும்.
பக்கத்தில் சிவப்பில் ஒரு கேள்விக்குறி,
மனசு கேட்காமல் போட்டது போல, சின்னதாக.

அப்போது மேட்டிலிருந்து ஒரு மினிபஸ் டாக்சி
ஆள் தேடி ஹாரனை அழுத்தியபடியே சரிந்து வந்தது.
வரும்போது கூர்.
எங்கள் கேட்டைத் தாண்டியதும் மொட்டை.
அடுத்தது வந்தது.
கூர். மொட்டை.
பதினேழு வருஷமாக இந்தத் தெருவில்
கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன்,
ஓடினால் பிடிக்கலாமா,
போய்விட்டதா என்று.

காதுக்குத் தெரிந்ததை
கை கூட்டல் போட்டுக் கெடுத்திருக்கிறது.
கீழே இருக்கும் எண் சிறுக்க வேண்டும்.
வந்தால் கழி. போனால் கூட்டு.
பென்சிலால் ஓரத்தில் எழுதினேன்.
பக்கத்தில் ஒரு டாக்சியும் வரைந்தேன்,
அவசரத்தில் சக்கரம் விட்டுப்போயிற்று.

ஐந்து மார்க்கு.
எண்பத்து நான்கு பாக்கி.
கடைப் பற்றுக் கணக்கில் ஒரு வரி அடிபட்டது.
திடீரென்று பசித்தது.
உள்ளே போய் இருட்டில் தடவி
ஆறிப்போன சுகர் பீன்ஸ் கறியை
சட்டியோடு வழித்துத் தின்றேன்.

திரும்பி வந்தால் படியில் அப்பா, டார்ச்சோடு.
"தாள் தந்துட்டாங்களா?"
"தந்துட்டாங்க. போன வாரமே."
வெளிச்சம் முதலில் அந்தப் பெரிய எண்ணின்மேல் விழுந்தது.
கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.
மெல்ல நகர்ந்து
பென்சில் டாக்சிக்கு வந்தது.
"சக்கரம் எங்கே?" என்றார்.

"மாட்டலாம்" என்றேன்.
"டார்ச்சை ஏழாம் கேள்விமேல் பிடிங்க."