சோமாவதியின் பெயரில்

முப்பத்தெட்டாயிரத்து நானூற்று அறுபத்தைந்து.
கதவிடுக்கில் செருகிப் போயிருந்தார்கள்.
இந்த வீட்டுக்கு வந்து நாற்பத்தொரு நாள்,
பாதிப் பெட்டிகள் இன்னும் கயிற்றோடு நிற்கின்றன.
பில்லில் பெயர் எல். டி. சோமாவதி.
அவ செத்துப் பதினொரு வருஷம் என்று
ஒழுங்கை முனைக் கடைக்காரர் சொன்னார்,
சீனி நிறுத்துக்கொண்டே.

கொட்டாஞ்சேனையில் நாலாயிரத்தைத் தாண்டினாலே
நான் இஸ்திரிப் பெட்டியை ஒளித்துவைப்பேன்.
இங்கேயும் அதே பெட்டிதான், அதே தங்கச்சிதான்,
வாரத்துக்கு ஐந்து வெள்ளைத் தாதிச் சீருடை.
ஒரு மின்விசிறி.
இடுப்பால் இடித்துச் சாத்தவேண்டிய ஒரு ஃபிரிட்ஜ்.
டாம் வீதி இரும்புக் கடையில் கணக்கெழுதுகிறேன்;
ஒரு கிலோ ஆணி குறைந்தாலும்
நித்திரை வராது எனக்கு.

வீட்டுக்காரர் ஜெயசுந்தர தொலைபேசியில் சிரித்தார்.
"கடலுக்குக் கிட்ட வீடு, மிஸ்.
உப்புக் காத்து எல்லாத்தையும் தின்னும்."
யுனிட்டையும் தின்னுமா என்று கேட்கவில்லை.
ஆறு மாச முற்பணம் அவர் கையில்.

மின்சார சபைக் கந்தோரில் மூன்றாவது யன்னல்.
அடையாள அட்டைப் பிரதி, வாடகை ஒப்பந்தம்,
முறைப்பாட்டுக் கடிதம் இரண்டு மொழியிலும்.
"சோமாவதி வரவேணும்" என்றாள் அந்தப் பிள்ளை.
"வரமாட்டா."
"அப்ப கையெழுத்தாவது?"
நான் பேசாமல் நின்றேன்.
பொட்டக் இன்ட மிஸ் என்று எழும்பிப் போனவள்
தேத்தண்ணி மணத்தோடு திரும்பி வந்து
திரையை என் பக்கம் திருப்பினாள்.
போன வருஷம் முழுக்க இதே உயரம்.
"முதல் இருந்தவங்க கட்டினாங்கதானே?
மீற்றர் பொய் சொல்லாது, மிஸ்.
வீடுதான் சொல்லும்."

அன்றிரவு மெயின் சுவிட்சை இறக்கினோம்.
தர்மினி கைபேசி வெளிச்சம் பிடித்தாள்.
கண்ணாடிக்குள் அந்தச் சின்னத் தட்டு,
விளிம்பில் சிவப்புப் புள்ளியோடு,
ஓடியது.
எங்கள் வீட்டில் எதுவும் உயிரோடு இல்லை.
அது ஓடியது, கடைசி பஸ்ஸைப் பிடிப்பதுபோல.
எங்கோ சுவருக்குப் பின்னால் ஒரு முனகல்.

மீற்றர்ப் பெட்டிக் கதவின் உட்புறம்
பென்சிலால் யாரோ எழுதிய இலக்கங்கள்,
திகதி போட்டு, ஒன்றன்கீழ் ஒன்றாக.
ஒன்பதாவதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
அதற்குக் கீழே ஒன்றுமில்லை.
அவர்கள் பேரும் எனக்குத் தெரியாது.
கேட்காமலே கட்டி, கேட்காமலே
வேறு வீடு பார்த்துப் போயிருக்கிறார்கள்.

வயர் மெயினுக்கு முன்னாலேயே கிளைத்து
பின்சுவர் வழியே இறங்கி
தண்ணீர் மோட்டருக்குப் போனது.
ஆறு வீட்டுக்கும் மொட்டைமாடித் தாங்கிக்குத் தண்ணீர்
எங்கள் மீற்றரில் ஏறிக்கொண்டிருந்தது.
ஆறு வீடும் குளித்து, துவைத்து,
பூச்சாடிக்கு ஊற்றி, வாகனம் கழுவி,
எங்களைப் பார்த்தால் மட்டும்
படியில் ஒதுங்கி நின்றது.

சனிக்கிழமை விடிய, றப்பர் செருப்போடு நின்று
அந்தப் பீங்கான் பியூஸைக் கழற்றினேன்.
கைப்பையில் போட்டேன்,
பஸ் டிக்கட்டுகளுக்கும் பனடோலுக்கும் நடுவே.
வாங்கில் இருந்து தோடம்பழம் உரித்தோம்.
பத்தரைக்கு மேல் மாடியில் ஒரு குழாய் இருமியது.
பிறகு இன்னொன்று.
ஒருவர் பிள்ளையை ஏசினார், ஒருவர் வாளியை உருட்டினார்.

முதலில் வந்தவர் மூன்றாம் மாடி ரிஸ்மி,
தலையில் ஷாம்பு நுரை, தோளில் துவாய்.
பின்னால் மிஸஸ் டி லிவேரா, மற்றவர்கள்.
"உங்கட பேர் என்ன, மிஸ்?"
நாற்பத்திரண்டாம் நாள், முதல் தடவை.

சொன்னேன்.
உள்ளே வந்து இருக்கச் சொன்னேன்.
பெட்டிகள்தான் கதிரை.
எங்கள் பாவனைக்கு நாலாயிரத்து நூறைக் கழித்து
மிச்சத்தை ஆறாய்ப் பிரித்தேன், எங்களையும் சேர்த்து.
மூன்று ரூபாய் பிரியாமல் நின்றது.
அதைச் சோமாவதியின் கணக்கில் எழுதினேன்.
ரிஸ்மியின் நுரை காய்ந்துகொண்டிருந்தது.
பியூஸ் இன்னும் கைப்பைக்குள்தான்.