பதின்மூன்றாம் காம்பரா

பன்னிரண்டு காம்பராவுக்கும் ஒரே மீட்டர்.
பில் வந்த ஞாயிறு, பீலிக்கரையில்
வாளிகள் நிரம்பி வழிந்தும் யாரும் எடுக்கவில்லை.
"கடைசிக் காம்பராதான் தின்னுது" என்றான் வீரபாகு.
"விடியக் கேத்தல் போட்டா
பெரட்டுக்குப் போற வரைக்கும் கொதிக்குது."
சவரியம்மா ஈரக் கையைத் துடைத்தாள்,
காய்ந்த பிறகும் துடைத்தாள்.

நான் அட்டனில் வயர்க் கடையில் நிற்பவள்.
வெட்டிக் கொடுத்தே செம்பின் விலை மனப்பாடம்.
முதலாளியிடம் கிளாம்ப் மீட்டரை
ஒரு ராத்திரிக்கு இரவல் கேட்டேன்.
"உடைஞ்சா சம்பளத்துல" என்றார்.

மாலை ஆறே முக்கால்.
எல்லா ரைஸ் குக்கரும் எல்லா டீவியும்
விழித்திருக்கும் நேரம்.
ரோட்டோரப் பெட்டியில்
இருநூற்று இருபத்து நான்கு வோல்ட்.
கம்பியைக் கவ்வினால் இருபத்திரண்டு அம்பியர்.
நூற்றெழுபது மீட்டர் இருட்டில் இறங்கினேன்,
அட்டை ஏறிய காலோடு.
சவரியம்மாவின் சுவரில்
நூற்று அறுபத்தொன்பது.

நடுவில் ஐம்பத்தைந்தைக் காணோம்.

கேத்தலின் அடியில் ஆயிரத்து ஐந்நூறு வாட்
என்று அச்சடித்திருக்கிறது.
அது இருநூற்று முப்பது வோல்ட்டை நம்பிச் செய்த சத்தியம்.
இருநூற்று முப்பதை அதனாலேயே பெருக்கி
ஆயிரத்து ஐந்நூறால் வகுத்தால்
முப்பத்தைந்து ஓம் சொச்சம். அதன் தடை. அது மாறாது.
"ஓம்" என்றதும் சவரியம்மா
சுவரில் தொங்கிய மாதாவைப் பார்த்தாள்.
இந்தச் சுவருக்கு வந்ததை அதனாலேயே பெருக்கி
அந்தத் தடையால் வகுத்தேன்:
எண்ணூற்றுப் பத்து.
பாதிக்குச் சற்று மேல்.
கிலோ நிறையாதவளுக்குப் போடுவது போல
கரண்டுக்கும் இங்கே அரைப் பேர்.

நேரத்தைப் பார்த்தவர்கள்
வலுவைப் பார்க்கவில்லை.

மிச்சம்?
காணாமல் போன ஐம்பத்தைந்தை
இருபத்திரண்டால் வகுத்தேன்: இரண்டரை ஓம்.
(கம்பியும் இரண்டரைச் சதுர மில்லிமீட்டர்.
தற்செயல்தான். சிரிப்பு வந்தது.)
அதே இரண்டையும் பெருக்கினேன்:
ஆயிரத்து இருநூற்றுப் பத்து வாட்.
நம்பாமல் வேறு வழியிலும் போட்டேன்.
பெட்டியில் புறப்பட்டது
நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டு,
லயத்தில் இறங்கியது
மூவாயிரத்து எழுநூற்றுப் பதினெட்டு.
கழித்தால் அதேதான்.

ஆக, பதின்மூன்றாவதாக ஒரு காம்பரா இருக்கிறது.
கதவு இல்லை, தகரம் இல்லை,
செக்ரோலில் பெயர் இல்லை.
சவுக்கு மரத்திலிருந்து சவுக்கு மரத்துக்குத் தொங்கியபடி
மழையைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறது.
அந்த நேரத்துக் காசில் நூற்றுக்கு இருபத்து நான்கு
அதன் வாய்க்கு.
தராசில் சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு ஒன்று
கழிப்பார்களே, அப்படி.

தலைக்கு மேலே கோபுரங்கள்.
காசல்ரீ தண்ணீரில் பிறந்ததை
லட்சத்து முப்பத்திரண்டாயிரம் வோல்ட்டாக்கி
மலை தாண்டி அனுப்புகிறார்கள்.
அழுத்தம் கூடினால் ஓட்டம் குறையும்,
ஓட்டம் பாதியானால் இழப்பு காலாகும்.
இந்தக் கணக்குத் தெரியாதவர்கள் இல்லை.

கடதாசியைப் பீலிக்கல்லில் விரித்தேன்.
"மீட்டரைத் தாண்டினால் எங்களது இல்லை" என்றது மின்சார சபை.
"லயத்தைத் தாண்டினால் எங்களது இல்லை" என்றது தோட்டம்.
நடுவே தொங்குவது யாருடையதும் இல்லை.
பத்து எம்.எம். கம்பியின் விலையைப்
பன்னிரண்டால் வகுத்துக் கடைசி வரியில் எழுதினேன்.
வீரபாகு இரண்டு தடவை படித்தான்.
இன்னும் யாரும் மடியை அவிழ்க்கவில்லை.

"பெரிய கம்பி போட்டா
எத்தன நிமிஷத்துல கொதிக்கும்?" என்றாள் சவரியம்மா.
பன்னிரண்டு, எட்டாகும் என்றேன்.

விரலை மடக்கிப் பார்த்தாள்.
"அப்ப நாலு நிமிஷம் தூங்கலாம்."