சனியின் விலாசம்

மணிக்கு இருபத்திரண்டு யூரோ.
இந்த வாயை வாடகைக்கு விடுகிறேன்.
இன்று சென்-தெனி, ஐந்தாம் மாடி, குழந்தைகள் பிரிவு.
டொக்டர் கெர்வெலா ஒரு தாளைத் திருப்பி வைக்கிறார்:
லீட்டருக்கு நூற்றுப் பன்னிரண்டு மைக்ரோகிராம்.
இலக்கத்துக்கு மொழிபெயர்ப்பு எதற்கு என்பதுபோல்
பாமதி என்னைப் பார்க்கவில்லை.

நோயின் பெயர் சத்துர்னிஸ்ம்.
சொல்லுக்குள் சனி குந்தியிருக்கிறது,
பழைய ரசவாதிகள் ஈயத்துக்குக் கட்டிவைத்த கிரகம்.
நான் அதைத் தாண்டிக் குதித்தேன்.
"இரத்தத்தில் ஈயம்" என்றேன்.
ஈயம் பூசின மாதிரியும் பூசாத மாதிரியும்
பேசுவதுதானே என் தொழில்.

விதுசனுக்கு நாலு வயது. ஜன்னல் விளிம்பைக் கடிப்பான்.
உரியும் வெள்ளைப் பெயின்ற், அதற்கடியில் பச்சை,
அதற்கும் அடியில் பிரெஞ்சுக்காரர் மறந்துபோன ஒரு நூற்றாண்டு.
"இனிக்குதாம்" என்கிறாள் பாமதி.
"பொய் சொல்லுறான் எண்டு அடிச்சனான் அக்கா."
மொழிபெயர்த்தேன்.
"உண்மைதான், அது இனிக்கும்" என்றார் டொக்டர்.
இதை மொழிபெயர்க்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

பிறகு மூளை.
எடையில் சிறிது, பசியில் பெரிது.
இந்த வயதில் உடம்பு எரிப்பதில் பாதிக்குக் கிட்ட
அது ஒன்றே வாங்கிவிடுமாம்.
கல்சியத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஈயம் வருகிறது;
வாசல் காவலுக்கு வித்தியாசம் தெரியாது.
உள்ளே போய் –
அவர் சொன்ன சொல்லில் தடுமாறி
பள்ளிக்கூட உயிரியல் கொப்பிக்குள் கைவிட்டேன்:
இழைமணி.
"மணியோ?" என்றாள், கழுத்தைத் தொட்டு.
மணிதான். கலத்துக்குள் சீனியை எரித்துச் சக்தியாக்குகிற மணி.
அதில் போய் ஒட்டிக்கொள்கிறது.

"சாப்பிடுறான்தானே. ரெண்டாந்தரமும் சோறு கேப்பான்.
பிறகேன் சொன்ன சொல்லு நிக்குதில்லை?
நிறத்தின்ர பேர் நேற்றுத் தெரியும்,
இண்டைக்குத் தெரியாது."

சீனி வந்து சேர்கிறது, எரிவதுதான் குறைவு என்றார் டொக்டர்.
ஒரு செய்தியை அனுப்பிவிட்ட நரம்பு
அடுத்ததற்குத் தன்னைத் திரும்ப ஏற்றிக்கொள்ள
கைக்காசு போதாமல் நிற்கிறது.
பாமதி எனக்குச் சொன்னாள், டொக்டருக்கல்ல:
"அரிசி இருக்கு. விறகு ஈரம்."
அதைப் பிரெஞ்சில் சொன்னேன்.
கெர்வெலா பேனையை மூடி வைத்துவிட்டு
இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.

சுகமாகுமா?
"பெதெத்ர்" என்றார். தோளை உயர்த்தவில்லை, அதற்கு நன்றி.
"ஆகலாம்" என்றால் ஆறுதலாகிவிடும்.
"தெரியாது" என்றால் தீர்ப்பு.
"பார்ப்பம்" என்றேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.
இரும்புச்சத்து, பால், மூன்று மாதத்தில் மறுபடி இரத்தம்;
எல்லாவற்றுக்கும் முதல் அந்த அறையை விட்டு எழும்புதல்.

கதவடியில் என் கையைப் பிடித்தாள்:
"இவனுக்கு ஏழரை நடக்குதாம், கோயில்ல சொன்னவை.
அதுதானோ அக்கா?"
நான் தாண்டி வந்த சொல்
சுற்றிக்கொண்டு வந்து முன்னால் நின்றது.
என் மணித்தியாலம் முடிந்திருந்தது. இனிச் சொல்வது என் சொந்தச் செலவு.

"சனிக்கு விலாசம் இல்லை, பாமதி.
இதுக்கு இருக்கு.
ரூ தே தன்னூர், பதினேழு, மூன்றாம் மாடி, இடப்பக்கம்.
கதவு தட்டினால் திறக்கிற வீட்டுக்காரன் இருக்கிறான்.
எள்ளெண்ணெய் வாங்க வேண்டாம்.
மாதம் எழுநூற்றைம்பது யூரோ
அவனுக்குத்தானே எரிச்சுக்கொண்டிருக்கிறீர்."

முறைப்பாட்டுத் தாளை வாங்கி, சுவரில் வைத்து,
நின்றபடியே விலாசத்தைத் தானே எழுதினாள்.
ஆஸ்பத்திரிச் சுவர். புதுப் பெயின்ற்.
அதையும் ஒருமுறை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

லிப்டில் எரிந்த பொத்தானைக் காட்டி
"என்ன நிறம், விது?" என்றேன்.
வாயைத் திறந்தான்.
நாலு. மூன்று. இரண்டு.
நாங்கள் இருவரும் வேறெங்கோ பார்ப்பதுபோல் நின்றோம்.
கதவு திறந்து குளிர் உள்ளே வந்த பிறகு
"சிவப்பு" என்றான், சரியாக.
அதற்குள் பொத்தான் அணைந்திருந்தது.