ஒன்பது, ஏழு முறை

எட்டு மணிக்கு மின்வெட்டு என்றிருந்தார்கள்.
ஏழு ஐம்பத்தெட்டுக்கே போய்விட்டது.
"சேவ் பண்ணினாயா?"
சாக்ரன் பதில் சொல்லவில்லை.
கன்ட்ரோலர் மட்டும் அவன் கையில் இன்னும் சூடாக.
அடுக்களையிலிருந்து குமேஷ்ணி சிரித்தாள்:
பருப்பு கேஸில் இருக்கிறது,
அது பாதியில் நிற்காது.

சாட்ஸ்வொர்த்தில் இருட்டினால்
எங்கள் பேச்சு அந்த மஞ்சள் கேட்ரிட்ஜுக்குப் போகும்.
பங்களாதேஷ் சந்தையில், கொத்தமல்லிக் கட்டுகளுக்குப் பக்கத்து மேஜையில்,
நாற்பது ராண்டை முப்பதாக்கி அம்மா வாங்கியது.
அட்டையில் ஒன்பது, ஏழு முறை:
தொண்ணூற்றொன்பது லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ஆட்டங்கள்.
"ஆயுசுக்கும் போதும், இனி எதுவும் கேட்காதே."

ஜூலை விடுமுறை. எனக்கு அம்மை.
அப்பாவின் பில் புத்தகத்தில் ஒவ்வொன்றாகக் குறித்தேன்.
அறுநூற்று நாற்பத்து மூன்று வரை போனேன்.
பன்னிரண்டுக்கு மேல்
அதே டாங்கி, சுவர் மட்டும் பச்சை.
அதே வாத்து, கொஞ்சம் அவசரமாக.
அதே பையன், இம்முறை
பள்ளத்தின் விளிம்பிலேயே பிறக்கிறான்.

"பன்னிரண்டு இல்லை, பதினொன்று" என்றான் பெரி.
காரும் மோட்டார் சைக்கிளும் ஒரே பந்தயமா, இரண்டா?
இருபத்தேழு வருடமாக இதே வழக்கு.
இடையில் அவனுக்கு ஒரு விவாகரத்து முடிந்துவிட்டது.

நகரசபை எங்கள் குடும்பங்களை இங்கே தள்ளியபோது
அதன் கையில் ஒரே வரைபடம்தான் இருந்தது.
சரிவு முழுக்க அதே வீடு:
ரோஸ் ஒன்று, பச்சை ஒன்று,
கொடிமரம் ஒன்றில், சிலுவை ஒன்றில்.

பெரிக்குப் பதினோரு வயது. இதேபோல் ஓர் இருட்டு.
என் வீட்டில் ஆடிவிட்டுத் திரும்பியவன்
தன் வீடென்று நுழைந்தான், சோபாவில் உட்கார்ந்தான்.
சோபா இருந்த இடத்தில்தான் இருந்தது.
யாரோ மடியில் தட்டு வைத்தார்கள்.
இரண்டு வாய் உண்டபிறகுதான்
வேறு யார் வீடோ என்று தெரிந்தது.
"எப்படித் தெரிந்தது?"
"உப்பு அதிகம்."

கரண்டி நின்றது.
"உப்பு சரியாகத்தான் இருந்தது" என்றாள் குமேஷ்ணி இருட்டுக்குள்ளிருந்து.
"ஒரு மீன் துண்டையும் விடாமல் தின்றாய்.
அது என் பங்கு."

யாரும் பேசவில்லை. பிறகு நால்வருமாகச் சிரித்த சிரிப்பில்
பக்கத்து வீட்டு நாய் குரைத்தது,
அதற்கும் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

பத்தரைக்குக் கரன்ட் வந்தது.
கெய்சர் முனகியது, ஃபிரிட்ஜ் உதறி எழுந்தது,
டிவி 'தொடங்கு' என்றது.
சாக்ரன் முதல் கட்டத்திலிருந்து.
பெரி தட்டை நீட்டினான்.
குமேஷ்ணி பருப்பை ஊற்றிவிட்டு
உப்பு டப்பாவை அவன் முன்னால்
நங்கென்று வைத்தாள்.

பதினொன்றுதான், என்றான்.