சிக்னல் கிடைக்கும் மரம்

பெனிலா சென்னைக்குப் போனது ஜூன் கடைசியில்.
அருமனை ஆஸ்பத்திரியில் ஒன்பது வருஷம் ஊசி போட்டவள்.
ஒன்பது வருஷத்தில் ஒன்பதாயிரம்
பதினொன்றாயிரம் ஆகியிருந்தது.
போரூரில் இருபத்தாறு தருகிறார்கள்.
ரப்பர் விலையை என்னிடம் கேட்காதீர்கள்.
சண்டை போட்டோம், பிறகு கணக்குப் போட்டோம்.
கணக்கு ஜெயித்தது.

குழித்துறையில் வண்டியேற்றிவிட்டுத் திரும்புகையில்
கையில் இரண்டு ஹெல்மெட்.
ஒன்றைத் தலையில் மாட்டி
மற்றதைப் பின்சீட்டில் கட்டினேன்.
மேல்புறம் வரை ஒழுங்காக இருந்தது.
அங்கே ஒரு வளைவில் சரிந்து வந்து
இடுப்பில் இடித்தது.
"மெதுவாப் போங்க" என்று
அவள் முழங்கையால் இடிக்கும் அதே இடத்தில்.

நான் வெட்டும் தோட்டத்தில் இருநூற்று எண்பது மரம்.
மேலே, பாறையை ஒட்டி நிற்கும் ஒன்றின் அடியில் மட்டும்
போனில் இரண்டு கோடு தெரியும்.
அவளுக்கு ராத்திரி டூட்டி.
நாலு மணிக்கு வார்டு அடங்கும்.
அதனால் என் வரிசையை மாற்றினேன்:
கீழே இருபது மரம்,
பிறகு கத்தியும் நெற்றி லைட்டுமாக நேரே ஏற்றம்,
பிறகு விட்டதையெல்லாம் வெட்டிக்கொண்டே இறக்கம்.
எத்தனை மடத்தனமான வழி என்று
முட்டிக்கு மட்டும் தெரியும்.

"எத்தன ஆச்சு?"
"இருபது. ஒனக்கு?"
"பதினாலு பெட்டு. ஒருத்தரு மட்டும் உறங்கல்ல."
"ஓடுதா?"
"ஓடுது."
நான் கேட்டது ட்ரிப்பை.
சில நாள் அவள் கேட்பாள், பாலை.
சில நாள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டு
ஒரே நேரத்தில் பதில் சொல்லி
யார் எதைச் சொன்னோம் என்று தெரியாமல்
சிரட்டையில் சொட்டு விழும் சத்தத்தைக்
கேட்டுக்கொண்டிருப்போம்.

அங்கே எல்லாரும் கேட்கிறார்களாம்,
"சிஸ்டர், நீங்க கேரளாவா?"
மூன்று தடவை இல்லை என்றாளாம்.
கேட்டவர்கள் நம்பவில்லை.
நாலாவது தடவை ஆமா என்றாளாம்.
"சேவல் ஒண்ணும் கூவல்ல," என்று சிரித்தாள்.
"அதுக்குப் பெறகு எனக்க கையில ஊசி போட
வரிசையில நிக்காவ."

மழை நாளில் வெட்டு கிடையாது.
ஆனாலும் மூன்றுக்கு விழிப்பு வரும்.
குடையோடு ஏறிப் போய்
அந்த மரத்தடியில் நிற்பேன்.
"எத்தன ஆச்சு?" என்பாள்.
மழைச் சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும்.
"இருபது," என்பேன்.

ஐப்பசியில் அவளைப் பகல் டூட்டிக்கு மாற்றினார்கள்.
கூட மூவாயிரம்.
சிட்டி அடைத்துவிடலாம், ஜெர்ஷாவுக்கு டியூஷன் வைக்கலாம்,
என் தங்கச்சி ஸ்வீட் வாங்கி வந்தாள்.
"இனி நாலு மணிக்கு நான் உறங்குவேன்," என்றாள் பெனிலா.
"நீங்களும் வரிசையா வெட்டி முடிச்சிட்டு வாங்க."
இப்போது ராத்திரி எட்டுக்குக் கூப்பிடுகிறாள்.
பிள்ளை ஸ்கூலில் நடந்ததை
ஒன்றுவிடாமல் சொல்லி முடித்து
போனை என்னிடம் தரும்போது
சார்ஜ் நாலு சதவீதம்.

வரிசையை நான் மாற்றவில்லை.
மாற்றலாம்.
இருபதாவது மரம் முடிந்ததும்
கால் தானாக ஏறுகிறது,
நான் கூடப் போகிறேன்.
போனை எடுப்பதில்லை.
இரண்டு கோடு இருக்கும்.

பக்கத்துத் தோட்டத்தில் வெட்டும் தாசையன்
நேற்று ஷீட் அடிக்கும் இடத்தில் கேட்டான்,
"கொஞ்ச நாளா பாக்கேன்.
இது என்னடே சுத்துவழி?"
ஆசிட் கலக்கிக்கொண்டிருந்தேன்.
"மேல கொசு கொறவு," என்றேன்.
தலையாட்டினான்.

இன்று நாலு மணிக்குப் பார்க்கிறேன்,
அந்தப் பக்கத்துச் சரிவிலும்
ஒரு லைட்
மேலே ஏறிக்கொண்டிருக்கிறது.