ஒருபோதும்

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் அடியில்
எங்கள் அச்சகத்துக்குப் பகலிலும் லைட் வேண்டும்.
டிசம்பர் கடைசி வாரம்
பதினேழு சபைகளுக்கு
வாக்குத்தத்த அட்டை வெட்டிக்கொடுப்பது என் வேலை.
பூவும் புறாவும் கம்ப்யூட்டரில் கிடந்த படம்.
வசனங்கள் போதகர்கள் அனுப்பிய வாட்ஸ்ஆப்.

பத்து வருஷமாக வெட்டுகிறேன்.
அழுகிற வசனம் ஒன்றும் லிஸ்டில் வந்ததில்லை.
சாம்பலில் உட்கார்ந்து ஓட்டினால் சொறிந்தவனுக்கு
இந்த அட்டைகளில் இடமில்லை.
வேதத்தில் பாதியைக் கழித்துத்தான்
எங்கள் ஊரில் புதுவருஷம் பிறக்கிறது.

பெல்சியின் மாரில் ஊசி குத்தி எடுத்ததை
குப்பியில் போட்டுத் திருவனந்தபுரம் அனுப்பியாயிற்று.
மூன்றாம் தேதி வரச் சொன்னார்கள்.
முப்பதாம் தேதி என் கை நடுங்கியது என்று சொன்னால் பொய்.
மனசு வேறெங்கோ நின்றது, அவ்வளவுதான்.
பன்னிரண்டு ஷீட்டை ஒன்றாக வைத்தேன்.
அடுக்கு ஒரு நூல் சாய்ந்திருந்தது.
கத்தி இறங்கிவிட்டது.

ஓரத்து அட்டைகளில் கடைசி வரி போயிருந்தது.
"நான் உன்னை ஒருபோதும்"
அதோடு சரி.
மிச்சம் மெஷினுக்குக் கீழே
சேமியா மாதிரி சுருண்டு கிடந்தது.

கெட்டதைப் பொறுக்கி எண்ணினேன். பதினொன்று.
மறுபடியும் பதினொன்று.
பன்னிரண்டாவது எங்கள் சபைக் கட்டுக்குள் போயிருக்கிறது.
ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தனுப்பியது நானே.

ப்ரூஃப் பார்க்கிறவனுக்கு ஒரு சீக்கு உண்டு.
ராத்திரி படுத்துக்கொண்டு இலக்கணம் பார்த்தேன்.
ஒருபோதும் என்றால் பின்னால் இல்லை வந்தே தீரும்,
தமிழ் அப்படி.
எது இல்லை என்பதை மட்டும் அது சொல்லாது.
நான் உன்னை ஒருபோதும் கைவிடமாட்டேன்.
நான் உன்னை ஒருபோதும் நினைத்ததில்லை.
இரண்டுக்கும் ஒரே தொடக்கம்.
பக்கத்தில் அவள் மூச்சு ஏறி இறங்கியது.
ஜெபம் பண்ண வாய் திறந்தால்
எனக்கும் அந்த இடத்தில்தான் வெட்டு விழுந்தது.

முப்பத்தொன்று நள்ளிரவு, மேல்புறம் கோயிலில்
மணி அடித்தது. வெளியே பிள்ளைகள் வெடி போட்டார்கள்.
கோயில்பிள்ளை எடிசன் வெல்வெட் பையோடு வந்தான்.
வரிசை வரிசையாகக் கை விட்டார்கள்.
நான் அட்டையைப் பார்க்கவில்லை,
முகங்களைப் பார்த்தேன்.
யாருக்கு விழுந்தது?
விசாவுக்குக் காத்திருக்கும் விஜினுக்கா,
சீட்டுக் கம்பெனியில் போட்டதெல்லாம் போன ரோஸ்லெட்டுக்கா?
ஒருவர் முகமும் மாறவில்லை.
வாசித்தார்கள், ஆமென் என்றார்கள்,
கேக்கும் சாயாவும் வாங்கப் போனார்கள்.
பாதி இல்லையே என்று யாரும் வந்து நீட்டவில்லை.

பைக்கில் வருகையில் முதுகில் சாய்ந்து
பெல்சி தன்னுடையதைச் சொன்னாள்.
"நான் உன்னை ஒருபோதும் கைவிடமாட்டேன்னு வந்திருக்கு, கேட்டியளா?"
முழுசாக. நிறுத்தாமல்.
ரப்பர் தோட்டத்து இருட்டில்
அப்பாடா என்றேன்.
ஹெல்மெட்டுக்குள் எனக்கு மட்டும் கேட்டது.

காலையில் மாத்திரை டப்பாவுக்குக் கீழே
அந்த அட்டை.
நான் உன்னை ஒருபோதும்.
ஓரத்தில் என் கத்தியின் சாய்வு.

பார்க்காமல் சொன்னாளா?
பார்த்துவிட்டுச் சொன்னாளா?
மனப்பாடமா, எனக்காகவா?
கேட்டால் பதில் வந்துவிடும். கேட்கவில்லை.
"என்ன அதையே பாத்துட்டு நிக்கிய? பால் பொங்குது."

மூன்றாம் தேதி, குழித்துறை ஸ்டேஷன்.
பாசஞ்சர் லேட்.
அவள் பையில் ஏத்தம்பழம், பழைய ரிப்போர்ட், மாற்றுச் சேலை.
என் சட்டைப்பையில் அட்டை.
இதை விசுவாசம் என்று சொல்லலாமா, தெரியவில்லை.
வெட்டுப்பட்ட ஓரத்தைக் கட்டைவிரலால்
தேய்த்துக்கொண்டே நிற்கிறேன்.
போன வரியிலிருந்து ஏதோ ஓர் எழுத்தின் தலை மட்டும்
கத்திக்குத் தப்பியிருக்கிறது.
கொம்பா, புள்ளியா,
வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறேன்.

"தள்ளி நில்லுங்க," என்கிறாள்,
"வண்டி வருது."